சாஃப்ட் டாப் தார் வண்டியைத் தெருவில் நிறுத்தலாமா?

கேள்வி: துணிக் கூரை போட்ட 2021 மாடல் சாஃப்ட் டாப் மஹிந்திரா தார், செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு மாதம் ஆகிறது. மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு போர்டிகோ இல்லை, தெருவில்தான் நிற்கிறது. கூரையைக் கிழித்து வண்டியையே கொண்டுபோய்விடுவார்களோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம். கூரையைக் கிழித்தால் உள்ளே வரலாம், ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவிக்குள் இருக்கும் சிப்பை, இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு அமைப்பு அடையாளம் கண்டால்தான் எஞ்சின் எடுக்கும். அதோடு உங்கள் மாடலில் பட்டன் ஸ்டார்ட் கிடையாது, அதனால் வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் சிக்னலை வாசலில் நின்று பிடிக்கிற வித்தையும் இதில் செல்லாது. விவரம் தெரிந்தவன் தேடுவது ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டை. சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டுவார்களே, அதுதான். அதில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதியப் பார்ப்பான். அந்த போர்ட்டுக்கு ஒரு பூட்டும், கண்ணில் படுகிற மாதிரி ஒரு கியர் லாக்கும் போட்டுவிடுங்கள்.

துணிக் கூரையால் ஆபத்து உள்ளே இருக்கும் சாமானுக்குத்தான். நான் பார்த்த ஒரு வண்டியில் கதவுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு ப்ளேடால் நேராகக் கீறியிருந்தார்கள். போனது ஒரு பழைய பவர் பேங்க், மாற்ற வேண்டியிருந்தது முழுக் கேன்வாஸ். தெப்பக்குளத்தில் பத்து நிமிஷம் நிறுத்தினாலும் சீட்டில் பை இருக்கக் கூடாது, டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தே வையுங்கள், காலி என்று தெரியட்டும். அழகர்கோவில் போனால் பழம்கூட உள்ளே வேண்டாம், குரங்கு கேன்வாஸைப் பிய்த்துவிடும். பூட்டாமல் விட்டால் கிழிக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். வண்டி போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த அஜாக்கிரதையைக் காட்டியே க்ளெய்மை மறுக்கப் பார்க்கும்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் எழுதிய ‘செகண்ட் ஹேண்ட், நாலு மாதம்’ என்பதுதான். ஆர்சி புக் உங்கள் பெயருக்கு வந்துவிட்டதா? சரி, இன்ஷூரன்ஸ் பாலிசி? பலர் ஆர்சியோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி கவர் வண்டியோடு தானாக வந்துவிடும், திருட்டுக்கான கவர் அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் வண்டி களவு போனால் உங்களிடம் பாலிசி இல்லை, பழைய ஓனரிடம் வண்டி இல்லை, பணம் யாருக்கும் வராது. இன்னும் மாற்றவில்லையென்றால் இந்த வாரமே போங்கள், வண்டியை இன்ஸ்பெக்‌ஷன் செய்துவிட்டு மாற்றித் தருவார்கள். அது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியா என்றும் பாருங்கள், அதில் திருட்டுக்குப் பைசா கிடையாது.

அப்புறம், உங்களிடம் எத்தனை சாவி இருக்கிறது? க்ளெய்முக்கு இரண்டையும் கேட்பார்கள். ஒன்றுதான் தந்தார் என்றால் பழைய ஓனருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். தொலைந்துவிட்டது என்று சொன்னால் ஷோரூமில் விட்டு அந்தச் சாவியின் பதிவை அழித்து, புதுசாக இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஏனென்றால் அந்தச் சாவி வைத்திருப்பவனுக்குக் கூரையைக் கிழிக்கிற வேலையே இல்லை.