ஃபெலிப்பே கர்ரியோ புவெர்த்தோ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற கட்டுரையில் மெக்சிகோவின் யுகத்தான் மாநில ஆளுநர் ஃபெலிப்பே கர்ரியோ புவெர்த்தோவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தேடிப் படித்தால் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆல்மா ரீடுடனான காதலும் அவர் கொல்லப்பட்டதும்தான் கிடைக்கின்றன. இரண்டாண்டுகூடப் பதவியில் இல்லாதவரை ஏன் நினைவுகூர்கிறார்கள்?

ம.

அன்புள்ள ம.,

காதல் கதை உண்மைதான். ஆனால் அது அவருடைய அரசியலை மறைத்துவிட்டது என்பதே என் வருத்தம்.

மெக்சிகோவில் ஆளுநர் நியமிக்கப்படுபவர் அல்லர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநிலத்தை ஆள்பவர். 1874இல் மொத்தூல் என்ற ஊரில் பிறந்த கர்ரியோ, எனெக்கென் என்னும் கற்றாழை நாரை விற்றுச் செழித்த பண்ணையார்களையும், அவர்களிடம் கடனுக்குக் கட்டுண்டு உழைத்த மாயா மக்களையும் பார்த்து வளர்ந்தவர். அக்கொத்தடிமை முறையை ஒடுக்கியதில் அவருக்கு முன்பு ஆண்ட சல்வதோர் அல்வராதோவுக்கே பெரும்பங்கு உண்டு. கர்ரியோ செய்தது வேறு. 1922 பிப்ரவரியில் பதவியேற்றபோது, ஆட்சியின் மொழியான ஸ்பானிய மொழியை விட்டு, மாயா மொழியில் உரையாற்றினார். வெறும் காவலாளியிடமும் கங்காணியிடமும் மட்டுமே அரசைக் கண்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்துக்கு, அரசு தம் மொழியில் பேசக்கூடும் என்று அன்றுதான் தெரிந்திருக்கும்.

கிராமங்களுக்கு நிலம் பிரித்தளித்தார், பல்கலைக்கழகம் தொடங்கினார், மணவிலக்கை எளிதாக்கினார். அவருடைய தங்கை எல்வியா 1923இல் மாநிலச் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். மெக்சிகோவின் பெண்கள் அனைவரும் தேசியத் தேர்தலில் வாக்களிக்க அதற்குப்பின் முப்பது ஆண்டுகள் ஆயின.

அவருடைய குறையையும் சொல்ல வேண்டும். உழவர்களையும் தொழிலாளர்களையும் திரட்டி ஊர்தோறும் அவர் கட்டிய ‘எதிர்ப்புச் சங்கங்கள்’ காகிதத்தில் பெரும்படையாக இருந்தனவே தவிர, அவற்றின் கையில் ஆயுதம் இல்லை. பல ஊர்களில் அவை உள்ளூர்ப் பெரியதனக்காரர்களை நம்பியே நின்றன. 1923 டிசம்பரில் மத்திய அரசுக்கு எதிராக எழுந்த இராணுவக் கலகம் யுகத்தானை எட்டியதும் அவை நொறுங்கின. கடற்கரைக்குத் தப்பியோடிய ஆளுநர் பிடிபட்டார். 1924 ஜனவரி 3 அன்று மெரிதா நகர இடுகாட்டில், மூன்று சகோதரர்களோடும் தோழர்களோடும் சேர்த்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கு வயது 49. ஆல்மாவுடன் திருமணத்துக்குச் சில நாட்களே இருந்தன.

எனெக்கென் பண்ணைகளின் பெரும்பகுதி அப்போதும் பழைய குடும்பங்களிடமே இருந்தது. அவற்றைப் பிரித்தளிக்க 1937இல் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் யுகத்தானுக்கு வர வேண்டியிருந்தது.