பாரிஷ் நீலம்: வாசகர் கேள்வி பதில்

கே: மேக்ஸ்ஃபீல்ட் பாரிஷ் ஓவியரா, வெறும் பத்திரிகைக்குப் படம் போட்டவரா? (வாசகி, திருச்சி)

அந்த 'வெறும்' தேவையில்லை. 1870-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா ஸ்டீஃபன் பாரிஷும் ஓவியர். ஹாவர்ஃபோர்டு கல்லூரியில் கட்டடக்கலை படித்துவிட்டு, பென்சில்வேனியா கலைக் கழகத்துக்குப் போனார். 1895 ஈஸ்டர் சமயத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்கு அட்டைப்படம் வரைந்தார். அடுத்த ஆண்டு செஞ்சுரி பத்திரிகை நடத்திய சுவரொட்டிப் போட்டியில் இரண்டாம் பரிசு. (முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனவர் ஜே. சி. லெயண்டெக்கர். பின்னாளில் இருவருமே பத்திரிகை அட்டைகளில் கொடிகட்டிப் பறந்தார்கள்.) 1904-இல் கோலியர்ஸ் வார இதழோடு ஆறு ஆண்டு ஒப்பந்தம். 1906-இல் நியூயார்க் நிக்கர்பாக்கர் ஹோட்டலுக்கு 30 அடி நீளத்தில் 'ஓல்டு கிங் கோல்' சுவரோவியத்தை வரைந்தார். அது இப்போது அதே ஊரில் செயின்ட் ரீஜிஸ் ஹோட்டல் மதுக்கூடத்தில் இருக்கிறது. ஒரே கைதான் அட்டையும் போட்டது, சுவரையும் நிரப்பியது.

கே: அவருடைய வானம் பின்னால் விளக்கு வைத்த மாதிரி ஒளிர்கிறதே, என்ன பெயின்ட்? அச்சகத்தில் எத்தனை மை மாற்றினாலும் அந்தப் 'பாரிஷ் நீலம்' வரவில்லை. (வாசகர், சிவகாசி)

பெயின்ட் சாதாரண ட்யூப் எண்ணெய் வண்ணம்தான். சூட்சுமம் அடுக்கில் இருக்கிறது. அச்சுத் தொழிலில் இருக்கும் உங்களுக்குச் சட்டென்று புரியும்: காகிதத்தின் வெள்ளை மேல் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக மை ஓடுகிறதல்லவா? அதைத்தான் அவர் தூரிகையால் செய்தார்.

முதலில் பலகையில் சுத்தமான வெள்ளை அடிப்பூச்சு. அதன்மேல் படத்தை ஒரே நிறத்தில், பெரும்பாலும் நீலத்தில், வெளிச்சமும் நிழலும் சரியாக முடித்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய வார்னிஷ். அதுவும் காய்ந்தபிறகு, ஒளி ஊடுருவும் ஒரு நிறத்தைக் கண்ணாடி போல மெல்லிசாகப் பூசி, மொட்டைத் தூரிகையால் தட்டித் தட்டித் தடம் தெரியாமல் சமன் செய்வார். மறுபடி காயவிட்டு வார்னிஷ். இப்படியே அடுத்த நிறம், அதற்கடுத்த நிறம்.

ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே நீல மரம், நடுவில் வார்னிஷ், மேலே மஞ்சள். நீலத்தையும் மஞ்சளையும் தட்டில் குழைத்தால் வரும் பச்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெளிச்சம் எல்லா அடுக்கையும் துளைத்துப் போய் அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் உள்ளேயிருந்து ஒளிர்வது போலத் தெரிகிறது. மேல் அடுக்குகளில் ஒரு துளி வெள்ளை பெயின்ட் கலந்தாலும் வெளிச்சம் அங்கேயே மறிபடும், படம் செத்துவிடும்.

எங்கே கெடும்? முதலாவது, அவசரம். கீழ் அடுக்கு காயாமல் மேலே பூசினால், மேலது முதலில் இறுகும், கீழது பிறகு அசையும், முதலைத் தோல் மாதிரி வெடிக்கும். இரண்டாவது, ஈரம். பலகையில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்தால் வார்னிஷ் பால் போல வெளுக்கும். இதற்காகவே பாரிஷ் படத்தையும் வார்னிஷையும் வெதுவெதுப்பான அறையில் சில மணி நேரம் வைத்துவிட்டுத்தான் பூசுவார். ஐப்பசி மழையில் இதைத் தொடவே வேண்டாம். மூன்றாவது, வார்னிஷ் வகை. டாமர் என்ற மரப்பிசின் வார்னிஷ் எளிதில் கரையும், அடுத்த பூச்சில் உள்ள டர்பன்டைன் அதைக் கிளறிவிடும். அவர் தேர்ந்தது டர்பன்டைனில் நீர்க்கவைத்த கோபால் (copal) என்ற மரப்பிசின் வார்னிஷ். அதையும் தடிமனாகப் பூசினால் நாளடைவில் பழுப்பேறி, நீலம் பச்சையாகத் தெரியும்.

உங்கள் அச்சில் அந்த நீலம் வராததற்குக் காரணமும் இதுதான். பல அடுக்குகளுக்குள் போய்வரும் வெளிச்சத்தின் ஆழத்தை அச்சின் மெல்லிய மைப் படலங்களால் தர முடியாது.

கே: அப்படியானால் பழைய பாரிஷ் படத்தைச் சுத்தம் செய்வது எப்படி? (வாசகர், கோவை)

செய்யாதீர்கள். மற்ற எண்ணெய் ஓவியங்களில் மேல் வார்னிஷைக் கரைப்பானால் துடைத்து எடுப்பது வழக்கம். இதில் வார்னிஷுக்கு நடுவில்தான் நிறமே இருக்கிறது. துணியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வந்தால் மரம் மறுபடி நீலமாகிவிடும். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, மீதியை ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் விடுங்கள்.

கே: பழைய சாமான் கடையில் பாரிஷின் 'டேபிரேக்' படம் கிடைத்தது. பழைய அச்சா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகர், டொராண்டோ)

மூல ஓவியம் 1922. ஹவுஸ் ஆஃப் ஆர்ட் நிறுவனம் அதை அச்சிட்டு, அமெரிக்க வீட்டுக்கு வீடு மாட்ட வைத்தது. படத்தில் இரண்டு பெண்கள்: படுத்திருப்பவர் கிட்டி ஓவன், குனிந்து நிற்பது பாரிஷின் மகள் ஜீன்.

அளவைப் பாருங்கள். அக்கால அச்சுகள் சட்டத்துக்குள் ஏறக்குறைய 6×10, 10×18, 18×30 அங்குலம். ஓரத்தில் ஹவுஸ் ஆஃப் ஆர்ட் காப்புரிமைக் குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஓரத்தை வெட்டிச் சட்டமிட்டிருந்தால் அது போயிருக்கும். பிறகு இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். காகிதம் பளிச்சென்று நீலவெள்ளையாக மின்னினால் அது 1920-களின் காகிதம் அல்ல. காகிதத்தை அப்படி மின்னவைக்கும் வெளுப்பு ரசாயனம் பிற்காலத்தில் வந்தது. மின்னாவிட்டால் மட்டும் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

விலையைப் பற்றிக் கனவு வேண்டாம். ஏராளமாக அச்சான படம். மூல ஓவியமே 2006-இல் 76 லட்சம் டாலருக்குப் போய், 2010-இல் 52 லட்சத்துக்கு இறங்கியது.

கே: பிறகு ஏன் 'டேபிரேக்' படத்தில் இருப்பது போன்ற பெண்களை வரைவதை விட்டார்? (வாசகி, நாகர்கோவில்)

சலித்துவிட்டது. பாறை மேல் பெண் உட்கார்ந்திருக்கும் படம் போதும் என்று 1931-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். 1936 முதல் பிரவுன் அண்ட் பிக்லோ காலண்டர்களுக்கு இயற்கைக் காட்சிகள் மட்டும் தந்தார், அவை 1963 வரை வெளிவந்தன. பாறைகளை விடவில்லை. கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, சிறு கற்களை அதன்மேல் அடுக்கி, வெளிச்சம் விழும் கோணத்தைப் பார்த்துத்தான் மலையை வரைந்தார்.