அலுவலக இடத்தையும் குறைக்கிறார்கள், எல்லோரையும் ஆபீஸுக்கு வரவும் சொல்கிறார்கள். இது எப்படிச் சரிப்பட்டு வரும்?

எங்கள் ஆபீஸில் இருக்கை ஒதுக்கும் பொறுப்பு என்னுடையது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலும் இந்த இரண்டு முடிவையும் ஒரே ஆள் எடுப்பதில்லை. இடத்தைக் குறைப்பது நிதித்துறை, ஆளை வரவழைப்பது மேலிடம். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது அபூர்வம்.

நிதித்துறை சராசரியைப் பார்க்கும். 100 பேர் உள்ள தளத்துக்குத் தினம் சராசரியாக 50 பேர் வருகிறார்கள் என்றால், 60 மேஜை போதும் என்று மீதி இடத்தின் லீஸை முடித்துவிடுவார்கள். ஆனால் திங்களும் வெள்ளியும் 20 பேர்தான் வருவார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை 70 பேர் வந்து நிற்பார்கள். சராசரி என்னவோ 50தான்! செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிறவர் பையைத் தோளில் மாட்டியபடியே மேஜை மேஜையாகத் தேடுவார். ஒரு நாற்காலியில் ஆள் இருக்காது, முதுகில் ஸ்வெட்டர் மட்டும் தொங்கும். கடைசியில் ஒரு மீட்டிங் ரூமுக்குள் போய் லேப்டாப்பைத் திறப்பார். சற்று நேரத்தில் அதை புக் செய்தவர்கள் கதவைத் தட்டுவார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான். 2025 ஜனவரியிலிருந்து வாரம் 5 நாளும் வர வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அறிவித்த அமேசான், சில இடங்களில் போதிய இருக்கை இல்லாமல் தேதியைத் தள்ளிவைத்தது.

சரி, வரச் சொல்வதில் பலனே இல்லையா? இருக்கிறது, டீம் மொத்தமும் ஒரே நாளில் வந்தால். ஆளுக்கொரு நாள் வந்தால், ஆபீஸில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலிருப்பவரோடு பேச வேண்டியதுதான். அப்புறம் கார்டை ஸ்வைப் செய்து, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அட்டெண்டன்ஸ் கேட்டார்கள், அவர் கொடுத்துவிட்டார்.

பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூமும் சக ஆய்வாளர்களும் சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,600க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று விட்டதில், வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அப்ரைசலிலோ பதவி உயர்விலோ வித்தியாசம் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: வீட்டு நாட்கள் புதன், வெள்ளி என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தன. மற்ற நாட்களில் ஒருவரையொருவர் நேரில் பார்க்க முடிந்தது.

எல்லா டீமுக்கும் ஒரே நாட்களை வைத்தால் மறுபடி இடம் போதாது. அதனால் நாங்கள் டீம் வாரியாக நாட்களைப் பிரித்துவிட்டோம். வெள்ளிக்கிழமையை மட்டும் யாரும் ஏற்கவில்லை. மேனேஜர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதாயிற்று.