வெயிலுக்காக டயரில் காற்றைக் குறைக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டை. அண்ணன் துபாயில் இருக்கிறார். 2017இல் அவர் வாங்கிய ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி பெரும்பாலும் வீட்டில்தான் நிற்கும். இதுவரை 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பினோம். சின்னவர்களையும் சேர்த்து எட்டுப் பேர். மேலே கேரியரில் அரிசி, பொங்கல் பானை, விறகு. நாங்குநேரி தாண்டி 110இல் போகும்போது பின்பக்க வலது டயர் வெடித்துவிட்டது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி இழுத்துக்கொண்டு போய் நடுத்திட்டு அரளிச் செடியில் ஏறி நின்றது. யாருக்கும் அடி இல்லை. டயரில் பட்டன் (தரையில் படும் மேல்பட்டையின் வரிகள்) புதுசு மாதிரி இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன். போன மாதம்தான் அதே டயருக்குப் பஞ்சர் பார்த்தோம். "வெயில் காலம், காற்று உள்ளே விரியும், 28 பிஎஸ்ஐ போதும்" என்று சொல்லி நாலு சக்கரத்திலும் குறைத்து வைத்தார் கடைக்காரர். அதையும் மீறி வெடித்திருக்கிறதே, இன்னும் குறைத்திருக்க வேண்டுமோ? இப்போதைக்கு இரண்டு டயர்தான் மாற்ற முடியும். முன்னால் போடவா, பின்னால் போடவா?

பதில்: தம்பி, முதலில் சாஸ்தாவுக்கு ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்துவிடுங்கள். அத்தனை சுமையோடு அந்த வேகத்தில் பின் டயர் போய், பிரேக்கையும் மிதித்த பிறகு ஓர் எஸ்யூவி நாலு சக்கரத்தில் நிற்பது எப்போதும் நடப்பதில்லை.

இன்னும் குறைத்திருக்கக் கூடாது. குறைத்ததுதான் வினை. வெயிலுக்குக் காற்றை இறக்குவது நம் பக்கம் சித்திரை பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். கங்கைகொண்டான் முதல் காவல்கிணறு வரை எந்தக் கடையில் கேட்டாலும் பாதிப் பேர் இதையே சொல்வார்கள். நானும் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் இப்படிச் சொல்லிக் காற்றை இறக்கியவன்தான்.

வெயிலில் காற்று விரியும் என்பது உண்மை. காலையில் 33 வைத்துக் கிளம்பி, உச்சி வெயிலில் நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்தால் 38, 39 காட்டும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. ஓடினால் ஐந்தாறு ஏறும் என்று தெரிந்துதான் வண்டிக் கம்பெனி 33 என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த எண் குளிர்ந்த டயருக்கானது. நல்ல டயர் ஒன்று வெறும் காற்றழுத்தத்தால் வெடிக்க வேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு ஏற்ற வேண்டும். 39இல் அது வெடிக்காது.

டயரைக் கொல்வது சூடு. அந்தச் சூட்டில் பெரும்பகுதி வெயிலிலிருந்து வருவதில்லை, டயருக்குள்ளேயே பிறக்கிறது. வண்டியின் எடை தாங்க டயர் தரையில் படும் இடத்தில் சப்பையாகிறது, தரையை விட்டதும் பழையபடி நிமிர்கிறது. உங்கள் வண்டி அளவு டயர் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு சுற்று சுற்றும். அதாவது பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் மடக்கிய இடம் கையைச் சுடும், கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் ஒடியும் அல்லவா? அதேதான் இங்கேயும். காற்று குறைந்தால் மடங்கும் அளவு கூடும். சுமை ஏறினால் இன்னும் கூடும். வேகம் கூடினால் எத்தனை தடவை மடங்குகிறது என்பது கூடும். மேலே 38 டிகிரி வெயில், கீழே அறுபது டிகிரிக்குக் கொதிக்கும் தார். பிறந்த சூடு வெளியே போகவும் வழியில்லை. கடைசியில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல், எஃகுக் கம்பி அடுக்குகளுக்கும் நடுவே உள்ள பிடிப்பு விட்டுப்போகிறது.

ஆக, வெயிலுக்குக் காற்றைக் குறைத்தால் வெயிலோடு இன்னொரு அடுப்பையும் சேர்த்து மூட்டுகிறோம்.

இது உலகமே பார்த்த விஷயம். 2000 ஆகஸ்டில் பயர்ஸ்டோன் கம்பெனி அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை போர்டு எக்ஸ்புளோரர் என்ற எஸ்யூவியில் ஓடியவை. ஓடும்போதே டயரின் மேல்பட்டை முழுசாக உரிந்து வந்தது, வண்டிகள் கவிழ்ந்தன. அங்கே மட்டும் 271 பேர் இறந்ததாகக் கணக்கு. எந்த மாநிலங்களில் அதிகம் என்று பார்த்தால் டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா. எல்லாம் வெயில் ஊர்கள். வெளிநாட்டில் சவூதி அரேபியாவிலும் வெனிசுவேலாவிலும் இதே கதை. அந்த வண்டிக்கு போர்டு எழுதி வைத்திருந்த காற்று 26. சிக்கல் வெடித்த பிறகு பயர்ஸ்டோன் 30 வையுங்கள் என்றது. டயர்தான் மோசம் என்றது போர்டு, வண்டிதான் மோசம் என்றது பயர்ஸ்டோன். ஹென்றி போர்டும் ஹார்வி பயர்ஸ்டோனும் நண்பர்களாகத் தொடங்கி, ஏறத்தாழ நூறு வருடம் ஓடிய உறவு 2001இல் இதில் முறிந்தது. எஃகுப் பட்டையின் ஓரத்தில் டயரின் வடிவமைப்பே பலவீனம் என்று அமெரிக்க அரசு கண்டுபிடித்ததும் உண்மை. ஆனாலும் குறைந்த காற்று, வெயில், சுமை, வேகம் எல்லாம் சேரும்போது டயரில் இருக்கும் சின்னக் குறைகூடப் பெரிதாகிவிடும் என்பதை அந்தச் சம்பவம்தான் எல்லோருக்கும் புரியவைத்தது.

சரி, உங்கள் டயருக்கு வருவோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டன் பகுதி அப்படியே இருக்கிறது. பக்கச்சுவர் மட்டும் சுற்றிலும் கத்தியால் அறுத்த மாதிரி வட்டமாகக் கிழிந்து தனியாகத் தொங்குகிறது. உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கரித்தூள் மாதிரி ரப்பர் தூள் கையில் ஒட்டும். காற்று குறைந்து ஓடிய டயர் இப்படித்தான் சாகும். கல்லோ பள்ளமோ காரணம் என்றால் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டோ பிளந்தோ இருக்கும், இப்படிச் சுற்றி வராது.

என் கணக்கு இதுதான். நாலு டயரையும் 28க்கு இறக்கியாயிற்று. பஞ்சர் பார்த்தபோது டயரைக் கழற்றாமல், வெளியிலிருந்தே ரப்பர் திரியைச் செருகியிருப்பார்கள். அதன் வழியே ஒரு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கிளம்பிய அன்று 20, 22தான் இருந்திருக்கும். டியூப்லெஸ் டயர் அந்த அளவுக்கு இறங்கினாலும் நின்றுகொண்டிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. திரி போடுவது வழியில் அவசரத்துக்கு உதவும். ஊர் வந்து சேர்ந்ததும் டயரைக் கழற்றி உள்ளே பார்த்து, உள்பக்கமாக ஒட்டுப் போட்டுக்கொள்வதுதான் முறை. பக்கச்சுவரில் பஞ்சர் என்றால் எந்த ஒட்டும் ஆகாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்தது வயது. பட்டன் புதுசு மாதிரி இருப்பதைப் பார்த்துத்தான் நீங்கள் ஏமாந்தீர்கள், உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். திசையன்விளை, வள்ளியூர் பக்கம் இப்படி எத்தனையோ வண்டிகள். முதலாளி வளைகுடாவில், வண்டி போர்ட்டிகோவில். வருடத்துக்கு இரண்டு கல்யாணம், ஒரு கொடை, அவ்வளவுதான் ஓட்டம். பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் கிழடாகிவிடும். நின்ற இடத்திலேயே நிற்கிற டயர் ஓடுகிற டயரை விடச் சீக்கிரம் விறைத்துப்போவதும் உண்டு. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. இந்த எண் சில சமயம் டயரின் உள்பக்கச் சுவரில்தான் இருக்கும், கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறு வருடம் தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுவது நல்லது. பத்து வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்றுதான் பல டயர் கம்பெனிகளும் சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். அதை நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயமே கட்டுவேன்.

காற்று எவ்வளவு வைப்பது? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு கணக்கு, இரண்டு மூன்று பேர் போனால் ஒன்று, ஆளும் சாமானும் நிறைந்திருந்தால் ஒன்று. குடும்பத்தோடு கோவிலுக்குக் கிளம்பும்போது இரண்டாவதைப் பாருங்கள், அதில் பின் டயருக்குக் கூடுதலாக எழுதியிருப்பார்கள். டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. காலையில் வண்டியை எடுக்கும் முன் அளப்பதுதான் சரியான அளவு. ஒரு பக்கம் வெயில் பட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கூடக் காட்டும், அதையும் கவனியுங்கள். வீட்டில் ஒரு காற்று மானி வாங்கி வையுங்கள். வண்டியின் சிகரெட் லைட்டர் துளையில் மாட்டி ஓடும் சின்ன கம்ப்ரசர் கிடைத்தால் இன்னும் வசதி. பங்க்குக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், சூடான டயரில் ஸ்டிக்கர் எண்ணுக்கு மூன்று நான்கு கூடுதலாக வைத்துவிட்டு, மறுநாள் காலையில் சரிபாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் இறக்காதீர்கள்.

நைட்ரஜன் போடவா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் போடுங்கள்.

காற்று குறைந்தால் விளக்கு எரியும் வசதி புதிய வண்டிகளில் வருகிறது. எக்ஸ்புளோரர் விவகாரத்துக்குப் பிறகு அமெரிக்கா போட்ட சட்டத்தால் பரவியது அது. ஆனால் அங்கே விதியே, காற்று நாலில் ஒரு பங்கு குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்பதுதான். 33 வைத்தால், ஏறக்குறைய 25க்கு இறங்கிய பிறகுதான் எரியும். அது கடைசி எச்சரிக்கை. அதை நம்பிக் காற்று அளப்பதை விட்டுவிடக் கூடாது.

இனி உயரம். காரில் டயர் வெடித்தால் பெரும்பாலும் ரிம் வளையும், பயம் பிடிக்கும், அவ்வளவோடு போகும். எஸ்யூவியில் அதே வெடிப்பு ஆளைக் கொல்வதற்குக் காரணம் வண்டியின் உயரம். பாரம் மேலே நிற்கிறது, சக்கரங்களின் இடைவெளி அதற்கேற்ப அகலமாக இல்லை. நீங்கள் அதன் தலையிலும் அரிசியும் பானையும் ஏற்றியிருக்கிறீர்கள். கேரியருக்கு எவ்வளவு எடை என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும், பெரும்பாலும் நாம் நினைப்பதை விடக் குறைவுதான். கனமான சாமானை வண்டிக்குள், கீழே வையுங்கள். விறகு கோவில் பக்கத்திலேயே கிடைக்கும். எட்டாவது ஆளை வேறு வண்டியில் அனுப்புங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், வண்டி கவிழ்ந்தால் வெளியே தூக்கி எறியப்பட்டுத்தான் பலர் சாகிறார்கள். ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி முப்பந்தல் பக்கம் போகிறீர்கள் என்றால், பக்கவாட்டுக் காற்று உயரமான வண்டியை எப்படித் தள்ளும் என்று உங்களுக்கே தெரியும். நிறைசுமையில், நண்பகலில், 80ஐத் தாண்டாதீர்கள்.

மறுபடி எப்போதாவது டயர் வெடித்தால் பிரேக்கைத் தொடாதீர்கள். சொல்வது சுலபம், கால் தானாகப் போகும், தெரியும். பின் டயர் போன நேரத்தில் பிரேக் அடித்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் பிடியில்லாமல் சுழலும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வண்டியை நேராக மட்டும் வையுங்கள். வெட்டித் திருப்பாதீர்கள், கவிழ்வது அந்த நேரத்தில்தான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வண்டி தானே வேகம் குறையும், 30, 40க்கு வந்த பிறகு இடது ஓரம் ஒதுங்குங்கள். நின்றதும் எல்லோரும் இறங்கி, வண்டிக்குப் பின்னால் கூட்டமாக நின்று டயரைப் பார்க்காமல், சாலையை விட்டுக் கீழே இறங்கி நிற்க வேண்டும். ஸ்டெப்னி உங்கள் டயரை விடச் சின்னதாக இருந்தால் அதில் 80 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

கடைசிக் கேள்வி. மனதறிந்து சொன்னால் நாலையும் மாற்ற வேண்டும். வெடிக்காத மூன்றும் அதே வயது, அதே 28இல் ஓடியவை. அண்ணனிடம் பேசிப் பாருங்கள், உள்ளே உட்கார்ந்து போனது அவர் பிள்ளைகளும்தானே. முடியவில்லை என்றால் புதிய இரண்டையும் பின்னால் போடுங்கள். வண்டியைத் திருப்புவது முன் சக்கரம், அதனால் புதுசு முன்னால்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் ஓரளவு கைக்குள் வரும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், அதைப் பிடிப்பது தேர்ந்த டிரைவருக்கே சிரமம். வாங்கும்போது பழைய டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எடைக் குறியீட்டைப் பாருங்கள். 104 என்றிருந்தால் அந்த டயர் 900 கிலோ தாங்கும். விலை குறைகிறது என்று 100 போட்ட டயரைக் காட்டினால் அது 800தான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதி இரண்டையும் மாற்றும் வரை அந்த வண்டியில் பாளையங்கோட்டைக்குள் ஓடுங்கள், நான்குவழிச் சாலை ஏற வேண்டாம்.