நிலக்கடலை சாஸ் இறுகிப் போகிறதா?

கேள்வி: தாய்லாந்து நூடுல்ஸை நிலக்கடலை சாஸோடு வீட்டில் செய்து பார்த்தேன். சாஸ் திரண்டு இறுகிவிடுகிறது, நூடுல்ஸும் குழைந்துவிடுகிறது. பாட்டில் சாஸ் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பாட்டில் வேண்டவே வேண்டாம். கடலை, தேங்காய்ப்பால், புளி, மிளகாய் வற்றல், கருப்பட்டி எல்லாம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. தாய்லாந்தில் இந்தச் சாஸ் பெரும்பாலும் சத்தே என்கிற, குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளத்தான். அங்கே பேர்போன பட் தாய் நூடுல்ஸில் கடலையைப் பொடித்து மேலே தூவுவதோடு சரி. அதனால் நூடுல்ஸில் புரட்டுவதற்குச் சாஸ் நன்றாகத் தளர்வாக இருக்க வேண்டும்.

200 கிராம் நூடுல்ஸுக்கு அரை கப் கடலை போதும். சொத்தை, பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, வறுத்துத் தோல் நீக்கி, எண்ணெய் கசியும்வரை அரையுங்கள். இந்த விழுதில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் திரளத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், இன்னும் சுடுதண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் தானாக இளகிவிடும். ஆறினால் மறுபடி கெட்டிப்படும், அப்போதும் சுடுதண்ணீர்தான் மருந்து.

தேங்காய்ப்பாலுக்கு, சொதி என்கிற நம் தேங்காய்ப்பால் குழம்பு வைக்கும் பக்குவமேதான். நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், அரைத்த வற்றலும் பூண்டும், 2 தேக்கரண்டி கருப்பட்டி எல்லாம் இரண்டாம் பாலில் கொதிக்கட்டும். அப்புறம் கடலை விழுது, கடைசியாக முதல் பால். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், புளி சேர்ந்த பால் கொதித்தால் திரிந்துவிடும். உடன்குடிக் கருப்பட்டி போட்டால் நிறம் கறுக்கும், ஆனால் அந்த வாசனைக்காகவே நான் அதைத்தான் போடச் சொல்வேன். கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அடியில் மண் தங்கும்.

பட்டையான அரிசி நூடுல்ஸை வேகவைக்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வளைகிற பதம் வந்ததும், நடுவில் லேசாக விறைப்பு இருக்கும்போதே வடித்துவிடுங்கள். சூடான வாணலியில் எண்ணெய் விட்டு, நூடுல்ஸையும் ஒரு கை தண்ணீரையும் போட்டுப் புரட்டினால் மீதி வெந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு சாஸை ஊற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். தாய்லாந்துச் சமையலில் சேர்க்கும் மீன் சாஸ் இல்லாமல் இந்த நூடுல்ஸுக்கு ருசி வருமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: வரும். 2 தேக்கரண்டி சோயா சாஸ் விட்டு, ருசி பார்த்து உப்புப் போடுங்கள். இறக்கியதும் எலுமிச்சை பிழிந்து, பொடித்த கடலையும் பச்சையாக முளைப்பயறும் தூவிச் சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள்.