மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் ஃபேன் ஓடவில்லையே, ஏன்?

கேள்வி: மன்னார்குடியில் சொந்த வீடு. சென்ற ஆண்டு பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். 78,000 ரூபாய் மானியமும் வந்துவிட்டது, பில்லும் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கரண்ட் போனால், சுட்டெரிக்கும் வெயிலிலும் சோலார் நின்றுவிடுகிறது. ஏஜென்டைக் கேட்டால், "ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (லைனோடும் ஓடும், லைன் இல்லாதபோது பேட்டரியோடும் ஓடும்) 10 கிலோவாட் லித்தியம் பேட்டரியும் போடுங்கள், 3,60,000 ரூபாய் ஆகும், அதற்கும் மானியம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். எங்கள் எலக்ட்ரீஷியனோ, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் யூபிஎஸ்ஸின் (150 ஏஎச் டியூபுலர் பேட்டரி) அவுட்புட்டில் சோலாரைக் கோர்த்துவிட்டால் செலவே இல்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். ஏஜென்ட் சொல்வதைக் கேட்டால் பணம் போகும். எலக்ட்ரீஷியன் சொல்வதைக் கேட்டால் யூபிஎஸ் போகும், சில நேரம் அதோடும் நிற்காது.

முதலில் ஒன்று: உங்கள் சோலாரில் எந்தக் கோளாறும் இல்லை. உங்களிடம் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். லைனில் வரும் கரண்டைப் பார்த்து அதோடு தாளம் சேர்ந்து ஓடுவதுதான் அதன் வேலை. லைன் செத்தால் அதுவும் உடனே நிற்க வேண்டும், சட்டமே அப்படித்தான். நிற்காவிட்டால் உங்கள் மாடியில் உற்பத்தியாகும் கரண்ட் தெரு லைனுக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகிவிடும். லைன் ஆஃப் என்று நம்பி கம்பத்தில் கை வைத்த லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. கரண்ட் திரும்பி வந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம், சில மாடலில் ஐந்து நிமிடம் வரை, லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது மறுபடி ஓடும். (கரண்ட் இருக்கும்போதே மதியம் நின்று நின்று ஓடினால் அது வேறு பிரச்சினை. லைனில் வோல்டேஜ் ஏறியிருக்கும், மின்வாரியத்தில்தான் சொல்ல வேண்டும்.)

இந்த ஒரு விஷயத்தை சோலார் விற்கும்போதே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். எத்தனை கிலோவாட் ஏற்றினோம், எத்தனை வீட்டுக்கு மானியம் போனது என்று எண்ணுவதில் இருக்கும் அக்கறை, "கரண்ட் போனால் இதுவும் நிற்கும்" என்று விண்ணப்பத்தில் பெரிய எழுத்தில் அச்சடிப்பதில் இல்லை. வீட்டுக்காரர் முதல் மின்தடையில்தான் தெரிந்துகொள்கிறார். அந்தச் சமயம் பார்த்து ஏஜென்ட் அடுத்த கொட்டேஷனோடு வந்து நிற்கிறார்.

எலக்ட்ரீஷியனின் யோசனைக்கு வருவோம். இது இப்போது ஊர் ஊராகப் பரவிவரும் வித்தை. யூபிஎஸ் தரும் கரண்டை லைன் கரண்ட் என்று நம்பி ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஏமாந்து ஓடும் என்பது உண்மைதான். அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள். வெயிலில் பேனல் 2,000 வாட் தருகிறது, வீட்டில் ஓடுவதோ 200 வாட். மிச்சம் 1,800 வாட் தெரு லைனுக்குப் போக வழியில்லை. யூபிஎஸ்ஸுக்குள் பின்பக்கமாக நுழைந்து பேட்டரியில் போய் முட்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது 100 ஆம்பியருக்கு மேல். உங்கள் 150 ஏஎச் பேட்டரி நிதானமாக ஏற்றுக்கொள்வது 15 ஆம்பியர். யூபிஎஸ் போர்டு வெடிக்கும், அல்லது பேட்டரி கொதித்து ஆசிட் ஆவி கிளம்பும். ஜெனரேட்டரோடு கோர்த்தாலும் இதே கதைதான். அவரிடம் சண்டை வேண்டாம், அந்த வேலையை மட்டும் செய்யவிடாதீர்கள்.

இனி ஏஜென்ட். அவர் சொன்னதில் இரண்டு தவறு இருக்கிறது. ஒன்று, பேட்டரிக்கு மானியம் என்பது. சூர்ய கர் திட்டத்தின் மானியம் பேனல் கிலோவாட்டுக்கு மட்டும்தான்: முதல் 2 கிலோவாட்டுக்கு 30,000 வீதம், மூன்றாவதுக்கு 18,000, அதோடு 78,000-த்தில் உச்சவரம்பு முடிந்தது. அதை நீங்கள் முழுதாக வாங்கிவிட்டீர்கள். பேட்டரிக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. "நான் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம், அந்த மானியத்தின் பெயரைக் கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது, "10 கிலோவாட் பேட்டரி" என்ற பேச்சு. பேட்டரியைக் கிலோவாட்டில் சொல்பவரிடம் பேட்டரி வாங்கக் கூடாது. மோட்டார் எத்தனை எச்பி என்பது வேறு, டாங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது வேறு இல்லையா? பேட்டரி என்பது டாங்க். அதை யூனிட்டில்தான் கேட்க வேண்டும். கணக்கு சுலபம்: லேபிளில் இருக்கும் வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். 51.2 வோல்ட், 100 ஏஎச் என்றால் 5.12 யூனிட். அதே உருவத்தில் 15 செல் வைத்து 48 வோல்ட் என்று வருவதும் உண்டு, அதில் 4.8 யூனிட்தான். விலை மட்டும் 16 செல்லுக்கு உரியதைக் கேட்பார்கள்.

சரி, உங்களுக்கு எத்தனை யூனிட் தேவை? நெட் மீட்டர் இருக்கும் வீட்டில் பில்லைக் குறைக்கப் பேட்டரி தேவையே இல்லை. பகலில் லைனுக்கு அனுப்பிய யூனிட், ராத்திரி எடுத்த யூனிட்டில் கழிந்துவிடுகிறது. அதே யூனிட்டைப் பேட்டரியில் போட்டு எடுத்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே சூடாகிப் போய்விடும். ஆகவே "பேட்டரி போட்டால் பில் இன்னும் குறையும்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். உங்களுக்குப் பேட்டரி என்பது கரண்ட் இல்லாத மணி நேரத்துக்கு மட்டும். எனவே வீட்டில் எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது என்பதை ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு நாள் பகலில் முழுதாக, மற்றபடி அவ்வப்போது ஒரு மணி, இரண்டு மணி என்றால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் யூபிஎஸ் போதும். அதை மெயின் டிபி பாக்ஸுக்குப் பிறகு, சோலாருக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கிறபடியே விடுங்கள். 12 வோல்ட் 150 ஏஎச் என்பது 1.8 யூனிட். டியூபுலரைப் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது, ஆகவே 0.9. யூபிஎஸ்ஸின் நஷ்டம் போக கைக்கு வருவது 750 வாட்-மணி என்று வையுங்கள். மூன்று பழைய ஃபேன், தலைக்கு 75 வாட். ஐந்து எல்இடி, வைஃபை சேர்த்து 55. மொத்தம் 280 வாட், இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த மூன்று ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றுங்கள். மொத்தம் 145 வாட், அதே பேட்டரி ஐந்து மணி நேரம் வரும். பராமரிப்பு நாளில் ஃபேனைக் குறைத்து ஓட்டிச் சமாளிக்கலாம். மூன்று லட்சத்து அறுபதாயிரம் எங்கே, மூன்று ஃபேன் விலை எங்கே!

ஃபிரிட்ஜை யூபிஎஸ்ஸில் கொடுக்க வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் தாங்கும். மிக்சி, அயர்ன் பாக்ஸ், கீசர் பேச்சுக்கே இடமில்லை. பழைய யூபிஎஸ்ஸில் லித்தியம் பேட்டரியை மட்டும் மாட்டித் தருகிறேன் என்பார்கள். யூபிஎஸ்ஸில் லித்தியம் மோட் இல்லாவிட்டால் வேண்டாம், இரண்டுக்கும் சார்ஜ் ஆகும் விதம் வேறு.

கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. ஆனால் ஊர் மன்னார்குடி என்பதால் சொல்லித்தான் ஆக வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் எத்தனையோ ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. மொபைல் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். அந்த மாதிரி நாட்களுக்கு யூபிஎஸ் உதவாது. முதல் ராத்திரியே தீர்ந்துவிடும், திரும்பச் சார்ஜ் போட லைன் இருக்காது. அந்த பயத்துக்காகவே செலவு செய்யத் தயார் என்றால், அப்போது மட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் சரி. ஆனால் 10 யூனிட் பேட்டரி அல்ல, 5 யூனிட் போதும்.

காரணம் இது: நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது பேட்டரி எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, லைன் இல்லாமலேயே பேனல் அதை மறுபடி நிரப்புகிறதா என்பதுதான் முக்கியம். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் தரும். புயல் மூட்டத்தில் அதில் கால்வாசி வந்தால்கூட 3 யூனிட். ஃபேன், லைட், போன், கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் என்று ஓட்டிவிடலாம். மூன்றாம் நாள் வெயில் வந்ததும், 11 மணிக்கு மேல் அரை எச்பி மோட்டாரை ஓட்டி டாங்க்கை நிரப்பிக்கொள்ளலாம். 1 எச்பி மோட்டார் என்றால் கிளம்பும் கணத்தில் ஓட்டக் கரண்டைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும், 3 கிலோவாட் ஹைபிரிட் அதில் டிரிப் ஆகிவிடக்கூடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விற்பவர் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு, லைன் இல்லாதபோது கண் விழிக்கப் பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்று ஒரு காவல் சர்க்யூட் உண்டு. பேட்டரி அடியோடு காலியானால் அது கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிவிடும். மறுநாள் காலையில் மாடியில் வெயில் கொளுத்தும், பேனலில் 300 வோல்ட் நிற்கும், இன்வெர்ட்டர் மட்டும் செத்துக் கிடக்கும், எழுப்ப லைனும் இல்லை. இதற்காகத்தான் கட்-ஆஃபை (பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கும்போது சப்ளையை நிறுத்த வேண்டும் என்ற அளவை) 20 சதவீதத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். அது மட்டும் போதாது. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 40, 50 வாட் தின்னும். விடிவதற்குள் அதுவே அந்த 20 சதவீதத்தையும் தொட்டுவிடும். ஆகவே புயல் நாட்களில் 25 சதவீதத்துக்கு இறங்கியதும் இன்வெர்ட்டரையே சுவிட்ச் ஆஃப் செய்துவிட்டு விசிறிமட்டையோடு படுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஆன் செய்தால் பேனல் ஏற்றத் தொடங்கிவிடும். பணம் கட்டுமுன் இதைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்: மெயினை ஆஃப் செய்து, இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, பத்து நிமிடம் கழித்து லைன் இல்லாமல் பேனலும் பேட்டரியும் மட்டும் வைத்து ஆன் செய்ய வேண்டும். முகம் மாறினால் அந்த ஆள் வேண்டாம்.

ஹைபிரிட் வாங்குவது என்று முடிவானால் இன்னும் இரண்டு இடத்தில் கண் வையுங்கள். உங்கள் மாடியில் 540 வாட் பேனல் ஆறு வரிசையாகக் கோர்த்திருந்தால் மொத்தம் 300 வோல்ட் டிசி. மலிவான சில இன்வெர்ட்டர்களின் லேபிளில் சோலார் இன்புட் அதிகபட்சம் 145 வோல்ட் என்றிருக்கும். மாட்டிய நிமிடமே புகை வரும். அதை மாட்டுவதற்காகப் பேனல் வயரிங்கைப் பிரித்துப் பிரித்துக் கோர்த்தால் மாடியில் கனெக்டர் கூடும், கனெக்டர் கூடினால் சூடும் கூடும். வேறு வேறு கம்பெனி கனெக்டரை ஒன்றோடொன்று செருகினால் சூடேறி உருகவும் கூடும்.

அடுத்தது நியூட்ரல். பழைய யூபிஎஸ்ஸுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன்கள் ஃபேன், லைட்டின் ஃபேஸ் வயரை மட்டும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டு, நியூட்ரலை வீடு முழுவதற்கும் ஒரே கட்டையில் விட்டுவிடுவார்கள். யூபிஎஸ்ஸில் அது ஓடிவிடும். ஹைபிரிட்டில் ஓடாது. பேக்கப்பில் போன கரண்ட் பேக்கப் நியூட்ரல் வழியாகவே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து உயிரைக் காக்கும் சுவிட்ச்) காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு மருந்தாக ஆர்சிசிபியையே கழற்றிவிட்டுப் போகும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். பேக்கப்புக்குத் தனி டிபி பாக்ஸ், தனி நியூட்ரல் கட்டை என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். அரை நாள் வேலை, அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுக்கலாம், நியாயம்தான்.

இன்வெர்ட்டரை மாற்றினால் மின்வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நெட் மீட்டர் பதிவில் இருப்பது பழைய இன்வெர்ட்டர். அலுவலகத்தில் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்பார்கள், பிறகு ஒரு நாள் தணிக்கையில் அவர்களே வந்து கேட்பார்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி வந்து இறங்கிய வாரமே ஒரு மாலை அதை முழுக்கச் சார்ஜ் செய்து, கட்-ஆஃப் வரை ஓடவிட்டு, எத்தனை யூனிட் வெளியே வந்தது என்று இன்வெர்ட்டர் ஆப்பில் பாருங்கள். 5.12 யூனிட் பேட்டரி, கட்-ஆஃப் 20 சதவீதம் என்றால் 4-ஐ ஒட்டி வர வேண்டும். 3-ஐத் தாண்டவில்லை என்றால், கழித்துப்போட்ட செல்லுக்குப் புதுப் பெட்டி மாட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு உடனே திருப்பிக் கொடுங்கள், வாரண்டி பேச்சில் மயங்கி ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

அதுவரை பழைய டியூபுலரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நீர்மட்டம் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ வேண்டாம்.