பழைய அமெரிக்க வெஸ்டர்ன் தொடர்களில் தென்மாநிலப் படைவீரர்கள் ஏன் அனுதாபத்தோடு காட்டப்பட்டார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்து சென்ற தென்மாநிலங்களின் கூட்டமைப்பே ‘கான்ஃபெடரசி’. அதற்காகப் போரிட்டுத் தோற்றபின் மேற்கு நோக்கிப் பயணிக்கும் முன்னாள் வீரன், 1950களிலும் 60களிலும் வந்த, அமெரிக்க மேற்குப் பகுதியின் அக்கால வாழ்வைக் கதையாக்கிய தொலைக்காட்சி வெஸ்டர்ன் தொடர்களின் வழக்கமான பாத்திரங்களில் ஒருவன். 1959 முதல் 1961 வரை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசியில் ஒளிபரப்பான ‘தி ரெபல்’ தொடரில் நிக் ஆடம்ஸ் நடித்த ஜானி யூமா, தன் பழைய ராணுவத் தொப்பியுடனேயே ஊர் ஊராக அலைந்து எளியவர்களுக்குத் துணை நிற்கிறான்.

இதற்கு முதற்காரணம் வணிகம் என்றே கருதுகிறேன். நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் தொடர், தென்மாநிலப் பார்வையாளர்களையும் அங்குள்ள நிலையங்களையும் விளம்பரதாரர்களையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. அத்துடன், தெற்கு மானத்துக்காகப் போராடித் தோற்றது என்னும் கதை பாடநூல்கள், திரைப்படங்கள் வழியாக ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. வீடிழந்து திரியும் நாயகன் கதாசிரியர்களுக்கும் வசதியானவன்தான்.

பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் மறுபடி ஒரே பந்தியில் உட்காரும்போது, சண்டையின் காரணத்தைப் பற்றி எவரும் வாய் திறக்காமல் இருப்பதைப் போன்றது இது. அந்தப் பந்தியில் இலையே போடப்படாதவர்கள், அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள்.

இத்தொடர்களைப் பார்த்துவிட்டு, போர் மாநில உரிமைக்காக மட்டுமே நடந்தது என்று நம்புவோர் உண்டு. ஆனால் மிசிசிப்பி மாநிலம் 1861இல் வெளியிட்ட பிரிவினை அறிக்கையே, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு பிணைந்தது என்று வெளிப்படையாகக் கூறுகிறது.